பூட்டிய வீடுகளை வாசித்தல்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தமிழில் வந்த எந்தப் பயணக் கட்டுரையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். ஒரு சாமான் பட்டியலில்தான் தொடங்கும். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர். பட்டியல் முடிந்ததும் ஒரு பெருமூச்சு: 'அந்தக் காலத்து மனுசங்க எப்படி வாழ்ந்திருக்காங்க!' அத்தோடு கட்டுரை முடிந்துவிடும். ரீல்ஸிலும் இதுதான். வழிகாட்டியாக வருபவர் சொல்வதும் இதுதான். சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லுவார், நாமும் தடவிப் பார்த்துவிட்டு 'கண்ணாடி மாதிரி இருக்கே' என்போம்.

இந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாவலைப் பற்றி எழுதச் சொன்னால் அதன் தாளின் தரத்தையும் அட்டையின் வழவழப்பையும் மட்டும் எழுதுவதுபோல இருக்கிறது. வீடும் ஒரு பிரதிதான். அதை யார், யாருக்காக, எந்தக் காசில் எழுதினார்கள் என்று கேட்காமல் 'அழகு' என்று மட்டும் சொல்வது விமர்சனம் ஆகாது. கடந்த சில வருடங்களில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை, காரைக்குடி என்று விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சுற்றியிருக்கிறேன். பார்த்த வீடுகளைவிட, அவை நமக்குக் காட்டப்படும் விதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

வீடு ஒரு கணக்கு

முதலில் அமைப்பைப் பார்க்கலாம். தெருவில் ஏறினால் முகப்பு, திண்ணைகள். பெரிய வீடுகளில் அதற்குப் பிறகு பளிங்கு பதித்த கூடம். அதைத் தாண்டினால் வளவு. வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகச் சிறிய அறைகள். பிறகு இரண்டாம் கட்டு, சாப்பிடும் இடம், அடுப்படி, கிணறு. கடைசியில் அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி இன்னொரு தெருவில் முடிகின்றன.

வளவு அறைகளைக் காட்டும்போது 'கூட்டுக் குடும்பமாக ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்' என்பார்கள். அறைகளை எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நகரத்தார் சமூகத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு 'புள்ளி'. கோயிலுக்கு வரி கொடுப்பதும் புள்ளிக் கணக்கில்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்கு வளவில் ஓர் அறை. மருமகள் கொண்டுவந்த சீர்ச் சாமான்கள் அந்த அறையில் பூட்டி வைக்கப்படும். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிச் செலவுக் கணக்கு, பல வீடுகளில் தனி அடுப்பும்கூட. ஆக, வளவு என்பது பாசத்தின் கட்டடக்கலை மட்டும் அல்ல. பொதுவாக எது, தனியாக எது என்பதைச் சுவர் எழுப்பித் தெளிவாக்கிய ஒரு கணக்குப் புத்தகம். முற்றமும் தாழ்வாரமும் பொது, அறையும் பூட்டும் தனி. என் தொழிலில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் யோசனை ஒன்றுதான்: பகிர்வதையும் பகிராததையும் முதலிலேயே பிரித்துவிட்டால் பின்னால் சண்டை குறையும்.

இதைச் சொன்னால் வீட்டின் அழகு குறைந்துவிடுமா? எனக்குக் கூடத்தான் செய்தது. அந்தச் சின்ன அறைக்கு ஏன் அவ்வளவு கனமான கதவு, ஏன் அத்தனை பூட்டு என்பது அப்போதுதான் புரிந்தது.

பர்மா என்கிற அறை

எந்த வழிகாட்டியும் காட்டாத ஓர் அறை எல்லா வீட்டிலும் உண்டு. அதன் பெயர் பர்மா.

கீழ் பர்மாவை 1852இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காடுகளும் சதுப்புகளும் வேகவேகமாக நெல்வயல்களாக மாறின. காடு வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரை சாப்பிட விவசாயிக்குக் கடன் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவனிடம் நேராகப் போகாது. நடுவில் நின்றவர்கள் நகரத்தார்கள். பர்மா உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாக ஆனதற்குப் பின்னால் இருந்தது அவர்கள் புரட்டிய பணம். உள்ளூர் வட்டிக்காரர்களைவிட அவர்கள் வாங்கிய வட்டி குறைவு என்பதையும் அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு பதிவு செய்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

1930இல் நெல் விலை விழுந்தது. வாங்கிய கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் விளைநிலத்தின் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை. பணம் திரும்பி வர வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். இருந்தாலும் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த நுணுக்கம் எப்படித் தெரியும்? 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் தாராவடியில் வெடித்த கிளர்ச்சிக்கு வரியும் கடனும் விலைவீழ்ச்சியும் சேர்ந்துதான் மருந்து போட்டன.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. லட்சக்கணக்கான இந்தியர்கள் ஓடினார்கள், ஏராளமானவர்கள் வழியிலேயே செத்தார்கள். சுதந்திர பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார், அடுத்த வருடமே வங்கிகள் அரசுடைமை ஆயின. போனது போனதுதான்.

இப்போது அந்தத் தேக்குத் தூணைத் திரும்பிப் பாருங்கள். அது 'பர்மாவிலிருந்து வந்த மரம்' மட்டும் அல்ல. அந்த வீடே பர்மாவிலிருந்து வந்தது. ஐராவதி டெல்டாவில் ஒரு குடும்பம் அறுத்த நெல்லில் ஒரு பங்கு, வட்டியாகக் கப்பலேறி, கடல் தாண்டி, நல்ல ஆறில்லாத, மழை குறைந்த இந்தச் செம்மண் பூமியில் தூணாக நின்றது. மரத்தின் வயதைச் சொல்கிற பலகையில் இதையும் ஒரு வரி எழுதினால் என்ன?

நம் இலக்கியத்தில் அந்த அறைக்குள் போனவர்கள் இல்லாமல் இல்லை. 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மேடானிலும் பினாங்கிலும் நடக்கிற நாவல். அங்கே வட்டிக்கடையைச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவனின் பக்கத்திலிருந்து பார்க்க முடிகிறது. முதலாளி ஊரில் இருப்பார். கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர். மூன்று வருடக் கணக்கு முடித்தால்தான் ஊர், குடும்பம், குழந்தை எல்லாம். பளிங்கு பதித்த கூடத்தில் நின்று அந்த நாவலை நினைத்துக்கொண்டால் கூடம் வேறு மாதிரித் தெரியும்.

பின்வாசல்

என் அப்பத்தாவுக்குத் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணத்துக்கு முன் சில வருடங்கள் ஒரு பெரிய வீட்டில் நெல் அவிக்கவும் குத்தவும் போயிருக்கிறார். கானாடுகாத்தானில் எடுத்த போட்டோக்களை ஒருமுறை போனில் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

'இது என்னடா, கோயிலா?'

'இல்ல அப்பத்தா, நீங்க வேலைக்குப் போனீங்கள்ல, அது மாதிரி வீடுதான்.'

'அப்படியா? நாங்க பின்னாடி வந்து பின்னாடியே போயிருவோம். முகப்பு எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்.' கொஞ்ச நேரம் கழித்து, 'ஆனா அந்த ஆச்சி நல்லவுக. நோம்புன்னா பலகாரம் குடுத்துவிடுவாக' என்றார்.

குறை சொல்லும் குரலில் அவர் பேசவில்லை, வெயில் அடித்தது என்கிற மாதிரி ஒரு தகவலாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அது தைத்தது. ஒரு வீட்டில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவருக்கு அதன் முகப்பு தெரியாது. ஐம்பது ரூபாய் கொடுத்த பேரன் முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்விட்டான். இது முன்னேற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நான் பார்த்த வீடு அப்பத்தா பார்த்த வீடு அல்ல. எனக்குக் காட்டிய வீட்டில் பின்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. கேட்டதற்குக் காவல்காரர், 'அங்க ஒண்ணும் இல்லைங்க தம்பி, வெறும் அடுப்படிதான்' என்றார்.

வெறும் அடுப்படி! வீட்டின் பாதி நீளம் அது. ஆட்டுக்கல்லும் உரலும் நெல் அவிக்கும் அண்டாவும் கிணறும் இருந்த இடம். ஆண்கள் மூன்று வருடம் கடல் தாண்டி இருந்தபோது வீட்டையும் சொத்தையும் பார்த்துக்கொண்ட ஆச்சிகளின் நிர்வாகம் நடந்ததும் அங்கேதான். அவர்களும் பட்டியலில் இல்லை. வீட்டில் பங்கு மகன்களுக்கு, மகள்களுக்குச் சீர். ஆச்சியின் உழைப்பும் அப்பத்தாவின் உழைப்பும் ஒரே சாத்திய கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. இருவரும் சமம் என்று சொல்லவில்லை. இருவரையும் பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறோம் என்கிறேன்.

முப்பத்தாறு கையெழுத்து

சரி, யார் இந்த வீடுகளைக் காப்பாற்றுவது? அரசு என்போம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. மரபுரிமை ஆணையத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2012லேயே நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகள் தனியார் சொத்து. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 1910இல் ஒருவர் கட்டுகிறார். அவருக்கு நான்கு மகன்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று, அவர்களுக்கும் மும்மூன்று. இப்போது அந்த வீட்டுக்கு 36 பங்காளிகள். தமிழ்நாடு 1989இலும் இந்தியா முழுக்க 2005இலும் மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை வந்திருக்கிறது. நியாயமானது, வந்தே ஆக வேண்டியது. கையெழுத்து எண்ணிக்கை இன்னும் கூடும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் நியூ ஜெர்ஸியில். கூரை ஓடு மாற்ற யார் எவ்வளவு கொடுப்பது? பயன் எல்லோருக்கும், பொறுப்பு யாருக்கும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் இதே மாதிரி நிரல்கள் உண்டு. எழுதியவர் போய்விட்டார், எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், யாரும் தொட மாட்டார்கள். ஒருநாள் விழும்.

வீடு விழுவது பெரும்பாலும் கூரையில் தொடங்குகிறது. ஒரு ஓடு நகரும், மழை இறங்கும், உத்திரம் இற்றுப்போகும். அவசரத்துக்குச் சிமெண்ட் பூசுவார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பழைய பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். காப்பாற்றுவதாக நினைத்துச் செய்ததே கொல்லும். சுண்ணாம்பு அரைத்து, பல பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கொத்தனார்கள் இருந்தால்தான் அந்தச் சுவர் இருக்கும். ஆக, காப்பாற்ற வேண்டியது சுவரை மட்டும் அல்ல.

முப்பத்தாறு பேரும் சம்மதித்துவிட்டால் இரண்டு வழிகள். ஒன்று, ஹோட்டல். இன்னொன்று, பிரித்து விற்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் ஒரு வீடு எத்தனை துண்டாகப் பிரியும் என்று பார்க்கலாம். தூண், கதவு நிலை, கண்ணாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், கட்டடத்திலிருந்து பிரிக்கப்பட்ட நூறாண்டு பழைய பொருளையும் தொல்பொருள் என்கிறது. அதாவது, கதவு வீட்டில் இருக்கும்வரை அது யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவு. பெயர்த்து எடுத்த பிறகுதான் சட்டத்தின் கண்ணில் அது பாரம்பரியமாகத் தெரியத் தொடங்குகிறது!

ஹோட்டல்களைத் திட்டுவது சுலபம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூரை ஒழுகாமல் இருக்க வருமானம் வேண்டும். நன்றாக நடத்தப்படும் இடங்களில் கொத்தனார், தச்சர், சமையல்காரர் எல்லோருக்கும் வேலை கிடைக்கிறது. என் குறை ஒன்றுதான். ஹோட்டல் வீட்டை 'ராஜ வாழ்க்கை' ஆக்கிவிடுகிறது. இவர்கள் ராஜாக்கள் அல்ல, கணக்கு எழுதியவர்கள். சிக்கனத்துக்குப் பேர் போனவர்கள். ஒரு கல்யாணத்துக்கும் ஒரு சாந்திக்கும் ஊரைக் கூட்டிச் செலவு செய்து, மற்ற நாளில் எண்ணெய்க்கும் கணக்கு வைத்தவர்கள். சினிமாவும் இதையே செய்கிறது. 2000இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' கதையைத் திருப்புவதே வீடு யாருக்கு என்கிற உயில்தான். நம் நினைவில் தங்கியது தூண்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பூட்டி வைப்பது. வெளியாட்களுக்கு இது வீணாகத் தெரியும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை படைப்புக்கும், கல்யாணம் என்றால் முறை செய்யவும் அந்த வீடு திறக்கிறது. அந்த ஒரு நாளில் அது நினைவுச்சின்னம் இல்லை, வீடு. பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு நாளை மரியாதையோடு கணக்கில் எடுக்க வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

வேல்ஸில் ரெக்ஸம் அருகே எர்டிக் என்று ஒரு மாளிகை. அதன் கடைசி உரிமையாளர் 1973இல் நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார். பழுது பார்த்து 1977இல் திறந்தபோது ஒரு முடிவு எடுத்தார்கள்: பார்வையாளர்கள் முகப்பு வழியாக அல்ல, தச்சுக்கூடம், சலவைக்கட்டு, சமையலறை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தன் வேலைக்காரர்களை ஓவியமாக வரைந்து வைத்திருந்தது, அவையும் அங்கே இருக்கின்றன. செலவே இல்லாத ஒரு மாற்றம். எந்தக் கதவைத் திறப்பது என்பது மட்டும்தான். வீட்டின் அர்த்தமே மாறிவிட்டது.

அமெரிக்காவின் நியூபோர்ட்டில் நிலக்கரி அதிபர் ஒருவர் 1901இல் கட்டிய 'தி எல்ம்ஸ்' மாளிகையை 1962இல் இடிக்க இருந்தார்கள். உள்ளூர்ப் பாதுகாப்புச் சங்கம் வாங்கிக் காப்பாற்றியது. இன்று அங்கே கொதிகலன் அறையையும் மேல்மாடியில் வேலைக்காரர்கள் படுத்த அறைகளையும் காட்ட ஒரு தனிச் சுற்று இருக்கிறது. சுற்றுலா இதனால் படுத்துவிடவில்லை.

2020இல் நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடோ காலனியத்தோடோ இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. கிளைவ் குடும்பம் அள்ளிச் சென்ற பொருட்களும் திப்பு சுல்தானின் கூடாரமும் இருக்கிற போவிஸ் கோட்டையும் அதில் ஒன்று. அங்கே பெரிய கூச்சல். 'நிம்மதியா ஒரு வீட்டைப் பார்க்க விட மாட்டீங்களா' என்பதுதான் சாரம். அந்த அறிக்கையைப் படிக்கிற நமக்குச் சந்தோஷமாக இருக்கிறது, 'அப்படிப் போடு' என்கிறோம். ஒரு பர்மியர் கானாடுகாத்தானுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

இந்த இடத்தில் கவனம் வேண்டும். நகரத்தார்கள் கிளைவ் அல்ல. படை கொண்டு போகவில்லை, கொள்ளையடிக்கவில்லை. இன்னொருவர் போட்ட சாம்ராஜ்யச் சாலையில் வண்டி ஓட்டினார்கள். கடைசியில் வண்டியும் போனது. கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்ததும் அவர்கள்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரிகளுக்கு அது தெரியும். இந்த இரண்டையும் ஒரே பலகையில் எழுத முடியாதா?

'வட்டிக்காசில் கட்டியது, இடிந்தால் இடியட்டுமே' என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவரது கோபம் புரிகிறது. ஆனால் இடிந்தால் முதலில் அழிவது அந்தக் கோபத்துக்கான சாட்சிதான். பின்கட்டு இல்லாமல் போனால் அப்பத்தா நெல் அவித்ததற்கு என்ன ஆதாரம்? பெருமைக்காரர்களைவிட, கேள்வி கேட்கிறவர்களுக்குத்தான் இந்த வீடுகள் அதிகம் தேவை.

இதில் என் தலைமுறைக்குச் சொந்தமான ஒரு கணக்கும் இருக்கிறது. மூன்று வருடம் ஆன்சைட், பிறகு ஊர், பிறகு இன்னொரு மூன்று வருடம். சம்பாதிப்பது ஒரு நாட்டில், வீடு கட்டுவது இன்னொரு இடத்தில். எங்கள் ஊர்ப் பக்கம் கிரானைட் பதித்த இரண்டு மாடி வீடுகளில் அப்பாவும் அம்மாவும் கீழே ஓர் அறையில் இருக்கிறார்கள், மாடி பூட்டிக் கிடக்கிறது. நூறு வருடம் கழித்து யாராவது டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்தால் கிரானைட்டைத்தான் தடவிப் பார்ப்பார்களோ என்னவோ. நாங்கள் என்ன வேலை செய்தோம், எதை விட்டுப் போனோம், எங்களால் யாருக்கு வேலை போனது என்று எங்கே எழுதியிருக்கும்?

பெரிய திட்டங்கள் எதையும் நான் முன்வைக்கவில்லை. ஏற்கெனவே திறந்திருக்கிற வீடுகளில் மூன்று காரியம் செய்யலாம். பின்கட்டையும் திறந்து காட்டலாம். கூடத்தில் ஐராவதி டெல்டாவின் வரைபடம் ஒன்றை மாட்டலாம். மூன்றாவது, அந்த வீட்டுப் பேரேடு இருந்தால் ஒரு பக்கத்தைக் கண்ணாடிக்குள் வைக்கலாம். வீடு காலியாகும்போது தேக்குக்கு விலை பேசுவார்கள், பேரேடும் கடிதக் கட்டும் எடைக்குப் போகும். ஒரு கடையில் தரையில் கிடந்த அப்படி ஒரு கட்டைப் புரட்டியிருக்கிறேன். முத்து முத்தான கையெழுத்து, பர்மிய ஊர்ப் பெயர்கள், அணா பைசா வரை வட்டி. கடைக்காரர், 'அது எதுக்கு சார், தூணைப் பாருங்க' என்றார்.

தூணைப் பார்ப்போம், தப்பில்லை. கூடவே அந்தத் தாளையும் கேட்டு வாங்குவோம்.